தலையில் அடிபட்டபின் வரும் தலைவலிக்குச் சத்து மாத்திரைகள் உதவுமா?

கடந்த சில மாதங்களாகத் தங்களில் சிலர் ஒரே கேள்வியைக் கடிதங்களில் கேட்டிருந்தீர்கள். இரு சக்கர வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர்களுக்கு நெடுநாள் தலைவலி இருக்கிறதாமே, அதற்கு மெக்னீசியம், வைட்டமின், மீன் எண்ணெய் மாத்திரைகள் நல்லது என்கிறார்களே, அவற்றை வாங்கி மருத்துவமனைக்கு அனுப்பலாமா என்பதே அந்தக் கேள்வி. அன்போடு கேட்டதற்கு ஒரு வரியில் பதில் எழுதுவது முறையாகாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

தலை பலமாக மோதும்போது மண்டை ஓட்டிற்குள் மூளை குலுங்குகிறது. எலும்பு உடையாமல், இரத்தம் கசியாமல், ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலேயே மூளையின் வேலை சில காலம் தடுமாறலாம். இதைத்தான் டாக்டர்கள் கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சி என்கிறார்கள். இதற்கு மயக்கம் வந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. பெரும்பாலும் அடிபட்ட ஏழு நாட்களுக்குள் தலைவலி தொடங்கிவிடும். அதோடு தலைசுற்றல், வெளிச்சத்தில் கண் கூசுதல், தூக்கம் கெடுதல், மறதி, காரணமில்லாத கோபம் ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். அநேகருக்குச் சில வாரங்களில் இது தணிந்துவிடுகிறது. சிலருக்கோ மூன்று மாதங்களைக் கடந்தும் நீடிக்கிறது. "ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறதே, வேலைக்குப் போகாமல் நடிக்கிறான்" என்று சொந்த வீட்டாரே சொல்வதைக் கேட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் வாலிபர்களை எங்கள் புறநோயாளிப் பிரிவில் பார்க்கிறோம். அவர்களுடைய வலி பொய்யல்ல என்பதை வீட்டாருக்கு எடுத்துச் சொல்வதே பல சமயங்களில் எங்கள் முதல் வைத்தியம்.

மெக்னீசியத்தின் பெயர் ஏன் அடிபடுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. மூளை குலுங்கியதும் நரம்புச் செல்களில் உப்புகளின் சமநிலை குலைகிறது. வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே பாய்கிறது. அதைச் சரிசெய்ய அதிக சக்தி தேவைப்படும் அதே நேரத்தில் இரத்த ஓட்டம் குறைந்துபோகிறது. அந்தப் பாய்ச்சலுக்குத் தாழ்ப்பாள் போல இருப்பது மெக்னீசியம். அடிபட்ட மூளையில் அது குறைந்துபோவது விலங்குகளில் செய்த ஆய்வுகளில் தெரிந்தது. ரைபோஃப்ளேவின் என்னும் பி2 வைட்டமின் செல்களில் சக்தி உண்டாவதற்கு வேண்டியது. ஆகவே குறைந்ததைக் கொடுத்தால் வலி தணியும் என்று நினைப்பது இயல்பே.

ஆனால் நல்ல ஆதாரம் இருப்பது ஒற்றைத் தலைவலிக்குத்தான். 1996-ல் ஜெர்மனியில் 81 பேரை வைத்து நடந்த ஆய்வில், தினமும் 600 மில்லிகிராம் மெக்னீசியம் எடுத்தவர்களுக்குத் தலைவலி வரும் தடவைகள் மூன்றாம் மாதத்தில் சுமார் 42 சதவீதம் குறைந்தன. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்குச் சுமார் 16 சதவீதம். 1998-ல் பெல்ஜியத்தில் 55 பேருக்கு நடந்த ஆய்வில் தினமும் 400 மில்லிகிராம் ரைபோஃப்ளேவின் மூன்று மாதம் கொடுத்தபோது 59 சதவீதம் பேருக்குத் தலைவலி பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. வெற்று மாத்திரைக்காரர்களில் 15 சதவீதம் பேருக்கே அப்படி. அடிபட்டபின் வரும் தலைவலியும் பலருக்கு ஒற்றைத் தலைவலியின் சாயலிலேயே, குமட்டலும் கண் கூச்சமுமாக வருவதால், டாக்டர்கள் இதே மருந்துகளை இவர்களுக்கும் கொடுத்துப் பார்க்கிறார்கள். அடிபட்டவர்களிடமே நடந்த ஆய்வுகள் சிறியவை, சில மட்டுமே. கடன் வாங்கிய ஆதாரம் என்று இதைச் சொல்லலாம். தவிரவும், தானாக ஆறும் நோய்க்கு எந்த மாத்திரையும் எளிதில் நல்ல பெயர் வாங்கிவிடும் அல்லவா!

எதிர்பார்த்தது நடக்காமற்போன அனுபவமும் உண்டு. தலையில் பலத்த காயமடைந்த 499 பேரைச் சேர்த்து நடந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2007-ல் வெளியானது. அடிபட்ட எட்டு மணி நேரத்திற்குள் தொடங்கி ஐந்து நாட்கள் நரம்பு வழியாக மெக்னீசியம் ஏற்றினார்கள். பலன் இல்லை, குறைந்த அளவு பெற்றவர்களின் நிலை பெறாதவர்களைவிட மோசமாகவே இருந்தது. நம் நாட்டு மருந்துச் சீட்டுகளில் அடிக்கடி காணப்படும் சிட்டிகோலினையும் தலைக்காயம்பட்ட 1213 பேரிடம் 90 நாட்கள் சோதித்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். அதிலும் வெற்று மருந்தைவிட நன்மை ஒன்றும் தெரியவில்லை. அது விலை குறைந்த மாத்திரையும் அல்ல. கூலிக்குப் போகிறவர் நகையை அடகு வைத்து அதை வாங்குவதைப் பார்க்கையில் எங்களுக்கு வருத்தமாயிருக்கிறது.

இதைவிட ஆச்சரியமானது எங்கள் கண்முன் நடக்கும் இன்னொன்று. தலையில் அடிபட்டவருக்குப் பத்தியம் என்று சொல்லி முட்டை, மீன், தயிர், கீரை எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். பி2 இருப்பது பாலிலும் தயிரிலும் முட்டையிலும். மெக்னீசியம் இருப்பது கீரையிலும் கடலையிலும் பயறுகளிலும் சிறுதானியங்களிலும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 140 மில்லிகிராம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் அதில் கால் பங்குகூட இல்லை. மீன் எண்ணெயை டப்பாவில் வாங்குகிறவர்களின் வீட்டில் மத்தி மீனுக்குத் தடை! ஒரு கையில் மாத்திரை, மறு கையில் வெறும் அரிசிக் கஞ்சி. பசியோடு இருப்பதே தலைவலியைக் கிளப்பும் என்பதால் மூன்று வேளையும் நேரத்திற்குச் சாப்பிடும்படி சொல்கிறோம். முட்டையும் மீனும் காயத்தை ஆறவிடாது என்ற பயத்தைப் போக்க எங்கள் செவிலியர்கள் மிகவும் பாடுபடவேண்டியிருக்கிறது. பாட்டிமார் சம்மதித்தால் பாதி வேலை முடிந்தது.

இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பதும் தவறு. முதல் ஒன்றிரண்டு நாட்கள் ஓய்வு போதும். பிறகு வலியை மிகுதியாக்காத அளவில் நடக்கத் தொடங்குவது குணமடைவதை விரைவாக்குகிறது என்பதே இன்று உலகெங்கும் ஏற்றுக்கொண்ட ஆலோசனை. மற்றொன்று வலி மாத்திரை. மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரையை விழுங்கிக்கொண்டே வந்தால், சில மாதங்களில் அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும். இப்படி வருகிறவர்களுக்கு நாங்கள் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதைவிட, இருப்பதைக் குறைப்பதிலேயே அதிக நேரம் செலவிடுகிறோம்.

சத்து மாத்திரையால் வரும் பெரிய ஆபத்து, அது நாட்களை விழுங்கிவிடுவதுதான். முதியவர் ஒருவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, சிறிய அடி என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். தலைவலிக்கு மருந்துக்கடையில் டானிக்கும் வைட்டமினும் வாங்கிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து நடை தள்ளாடி, பேச்சுக் குழறிய பிறகே எங்களிடம் கொண்டுவந்தார்கள். மூளையின் மேல் இரத்தம் கொஞ்சங் கொஞ்சமாகக் கசிந்து தேங்கியிருந்தது. மண்டை ஓட்டில் சிறு துளையிட்டு அதை வெளியேற்றிய பின் நடந்தே வீடு போனார். இன்னும் சில நாட்கள் டானிக்கை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! வயதானவர்களுக்கும், மது அருந்துகிறவர்களுக்கும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் இப்படி நேர அதிக வாய்ப்புண்டு. நாளுக்கு நாள் வலி கூடுவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு பக்கம் பலவீனம், மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல வடிதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் இரவானாலும் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும்.

அப்படியானால் இந்த மாத்திரைகளை நாங்கள் கொடுப்பதே இல்லையா? கொடுக்கிறோம். பரிசோதித்து, ஆபத்து ஒன்றுமில்லை என்று கண்டு, ஒற்றைத் தலைவலி போன்ற வலி வாரக்கணக்கில் விடாமலிருந்தால் மெக்னீசியமோ ரைபோஃப்ளேவினோ மூன்று மாதம் கொடுத்து, தலைவலி வந்த நாட்களை ஒரு நோட்டில் குறித்துவரச் சொல்கிறோம். நோட்டில் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுகிறோம். மெக்னீசியம் சிலருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு உடலில் தங்கி ஆபத்தாகும். ரைபோஃப்ளேவினால் சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம். கடையில் கிடைக்கும் சாதாரண பி காம்ப்ளெக்ஸில் பி2 பெரும்பாலும் 10 மில்லிகிராம் அளவே இருக்கும். 400-ஐ எட்ட நாற்பது மாத்திரை வேண்டும். அப்படி விழுங்கினால் அதிலுள்ள பி6 மிஞ்சிப்போய் நாளடைவில் நரம்புகளைக் கெடுக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டர்பர் என்ற மூலிகை மாத்திரை தலைவலிக்கு நல்லது என்று ஒரு காலத்தில் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சங்கமே பரிந்துரைத்தது. ஈரலுக்குக் கேடு நேரும் என்ற அச்சத்தால் அந்தப் பரிந்துரையை 2015-ல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். தயவுசெய்து அதை அனுப்ப வேண்டாம்.

மற்ற மாத்திரைகளும் பெட்டியாக வந்தால் காலாவதித் தேதி, அளவு, சேர்மானம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க எங்கள் மருந்தகத்தில் ஆள் போதாது. வேண்டியவற்றை இங்கேயே குறைந்த விலையில் வாங்கிக்கொள்கிறோம். தலைக்காயத்தோடு வரும் ஏழைகளுக்குப் பெரும்பாலும் தடையாக நிற்பது சி.டி. ஸ்கேன் செலவே. உதவ விரும்புகிறவர்கள் அந்தத் தொகையைத் தனியே அனுப்பி, கூப்பனில் "தலைக்காய ஸ்கேன்" என்று குறிப்பிட்டால் அதற்கென்றே வரவு வைத்துக்கொள்வோம்.