ஆரணியாற்றின் நலம் அறிவோம்

பூஜையில் கலசத்து நீரைத் தொட்டு, கங்கை முதல் காவிரி வரையிலான புண்ணிய நதிகளை அதில் எழுந்தருளுமாறு வேண்டுகிறோம். நதியைத் தாயென வணங்குவது நம் மரபு. தாயின் உடல்நலத்தை விசாரிப்பது பிள்ளைகளின் கடமையல்லவா? எளாவூர், கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டாரத்து அன்பர்களுக்கு அப்படி நலம் விசாரிக்க வேண்டிய நதி ஆரணியாறு. ஆரண்ய நதி என்றும் இதனைப் போற்றுவர்.

ஆலயங்களைத் தொட்டுச் செல்லும் ஆறு

ஆந்திர மலைப்பகுதியில் தோன்றி, பிச்சாட்டூர் அணையைக் கடந்து வரும் ஆரணியாற்றின் கரையில் சுருட்டப்பள்ளி உள்ளது. ஆலகால விஷத்தை உண்ட சிவபெருமான் அன்னை பார்வதியின் மடியில் தலைவைத்துப் பள்ளிகொண்ட திருக்கோலத்தை அங்கே தரிசிக்கலாம். பின்னர் ஊத்துக்கோட்டையைக் கடந்து, பெரியபாளையத்தில் பவானியம்மனின் சந்நிதியை ஒட்டி ஓடுகிறது. பொன்னேரியில் அகத்தீசுவரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் இதன் அருகே அருள்பாலிக்கின்றனர். நிறைவாக ஆறு பழவேற்காடு ஏரியில் கலக்கிறது.

எளாவூருக்குக் கிழக்கே விரிந்திருக்கும் அந்த ஏரி, உப்பும் நன்னீரும் கலந்த ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் இரண்டாவது பெரியது. இறாலும் மீனும் அங்கே வளர்வதற்கும், பூநாரைகள் வந்து இரைதேடுவதற்கும் ஆறு கொண்டுவரும் நன்னீர் வேண்டும். ஆகவே மேலே ஆற்றில் நேர்வது கீழே ஏரிக்கரை மக்களின் வாழ்விலும் எதிரொலிக்கும்.

நாடி பார்க்கும் முறை

மருத்துவர் நாடியையும் இரத்தத்தையும் பார்ப்பதுபோல, நீரியல் அறிஞர்கள் ஆற்றைப் பல வகையில் சோதிக்கின்றனர். முதலாவது, நீரில் கரைந்துள்ள உயிர்வளி. மீன்கள் சுவாசிப்பது அதனையே. 30 பாகை வெப்பத்தில் தூய நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் உயிர்வளியைத்தான் தாங்கும். மக்கள் நீராடும் நீரில் அது 5 மில்லிகிராமுக்குக் குறையலாகாது என்பது மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். நம் வெப்ப பூமியில் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகச் சிறியது என்பதை உணர வேண்டும்.

நீரில் விழும் சோறு, மலர், எண்ணெய், சாக்கடை ஆகியவற்றை நுண்ணுயிர்கள் உண்ணும்போது அந்த உயிர்வளி செலவாகிறது. எவ்வளவு செலவாகும் என்று 5 நாட்கள் வைத்துச் சோதிப்பார்கள். அது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. கார அமிலத் தன்மை 6.5 முதல் 8.5 வரை இருத்தல் வேண்டும். இவற்றோடு, குடலில் வாழும் கிருமிகளின் எண்ணிக்கையும் கணிக்கப்படும்.

ஆனால் ஒரு நாள் எடுத்த நீர் அந்த ஒரு நாளின் நிலையைத்தான் கூறும். நேற்றிரவு கழிவு வந்து சென்றிருந்தால் இன்று அது தெரியாமலும் போகலாம். அதனால்தான் கல்லடியிலும் சேற்றிலும் வாழும் சிற்றுயிர்களையும் அறிஞர்கள் எண்ணுகின்றனர். அவை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அங்கேயே வாழ்பவை. இன்றைய இருப்பை மட்டும் பார்ப்பதற்கும், கணக்குப் புத்தகத்தை முழுவதும் புரட்டிப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இரு ஜெர்மானிய அறிஞர்கள் இம்முறைக்கு அடித்தளமிட்டனர்.

மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடுகட்டி வாழும் புழுக்களும், மே ஈயின் இளம்பருவ உயிர்களும் பலவகையாகக் காணப்பட்டால் நீர் நலமாக உள்ளது என்று பொருள். அவை மறைந்து, சேற்றில் சிவந்த இரத்தப்புழுக்கள் மட்டும் மலிந்திருந்தால் உயிர்வளி குன்றிவிட்டது என்று பொருள்.

முதியோர் காணக்கூடிய அடையாளங்கள்

விடியற்காலையில் நீர்நிலைக்குச் செல்வோர் ஒன்றைக் கவனிக்கலாம். இரவெல்லாம் பாசியும் செடிகளும் உயிர்வளியைச் செலவிடுவதால் வைகறையில்தான் அது மிகக் குறைந்திருக்கும். அவ்வேளையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் நீர் மூச்சுத் திணறுகிறது என்று அறியலாம். ஆகாயத்தாமரை படர்ந்திருந்தால் சாக்கடையும் உரமும் மிகுதியாகக் கலந்திருக்கக்கூடும். கலையாத நுரை, அழுகல் நாற்றம், புதிய நிறம் ஆகியனவும் எச்சரிக்கைகளே. எனினும் தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று. கிருமிகளும் ஆலைக்கழிவின் உலோகங்களும் கண்ணுக்குத் தெரியா. தொழிற்பேட்டைகள் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் ஆய்வுக்கூடச் சோதனை இன்றியமையாதது.

ஆடியில் ஒரு வேண்டுகோள்

ஆரணியாறு வடகிழக்குப் பருவமழையை நம்பி ஓடும் ஆறு. பெரியபாளையத்தில் பெருந்திரள் கூடுவதோ ஆடியில். ஆற்றில் நீர் குன்றியிருக்கும் காலத்தில்தான் நீராடலும் பொங்கலும் வேப்பஞ்சேலை வேண்டுதலும் நடைபெறுகின்றன. பெருவெள்ளம் கரைத்துக்கொண்டு போகும் அழுக்கைத் தேங்கிய குட்டை கரைக்க இயலாது. ஆதலால் அங்கே விடப்படும் ஒவ்வொரு துணியும், சவர்க்காரமும், நெகிழிப் பையும் ஆற்றுக்குப் பெரும் சுமை. வேண்டுதல் முடிந்தபின் உடுத்திய துணியைத் திரும்ப எடுத்துவருதல், வேப்பிலையை உரக்குழியில் சேர்த்தல், பொங்கல் மிச்சத்தை நீரில் கொட்டாதிருத்தல் ஆகிய மூன்றும் எவராலும் இயலும். இவற்றால் அம்மன் வழிபாட்டில் குறையேதும் நேராது.

மூத்த பெருமக்களிடம் மற்றொரு செல்வமும் உண்டு. ஐம்பதாண்டுகளுக்கு முன் ஆற்றில் எத்தனை மாதம் நீர் ஓடியது, எந்தெந்த மீன்கள் இருந்தன, எந்தப் படித்துறையில் ஊற்றுத் தோண்டிக் குடித்தார்கள் என்பன அவர்கள் நினைவில் உள்ளன. ஓர் ஆறு எவ்வளவு நலிந்தது என்று அளக்க, அது நலமாயிருந்த நாளின் செய்தி வேண்டும். அதனைப் பேரப்பிள்ளைகளுக்குக் கூறி எழுதிவைக்கச் செய்வது பெருந்தொண்டு.

சுருட்டப்பள்ளியில் ஈசன் விஷத்தைத் தாமே ஏற்று உலகைக் காத்தருளினார். அத்தலத்தைத் தொட்டு ஓடிவரும் நீரில் நாம் விஷம் சேர்க்காதிருப்பதே அப்பெருமானுக்கு நாம் செய்யும் உகந்த வழிபாடாகும்.