ஊர்ப் பணம் – 11: குடத்தோடு வந்த கண்டக்டர்

பட்டுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகிற தனியார் பஸ். முன்கண்ணாடிக்குக் கீழே ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். இன்றைய வசூல் முழுவதும் சிறுவனின் சிகிச்சைக்கு என்று சிவப்பு எழுத்து. பக்கத்தில் முடியெல்லாம் கொட்டிப்போன ஒரு பையனின் படம், பாதி முகத்தை மறைத்த மாஸ்க்குடன். கண்டக்டர் அன்றைக்கு டிக்கெட் கிழிக்கவில்லை. தோள்பையையும் காணோம். கையில் எவர்சில்வர் குடம். அதை நீட்டுவார், அவரவர் போடுவதைப் போடலாம், எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம்.

பேராவூரணியில் ஓர் அம்மா ஏறினார். சுருக்குப் பையிலிருந்து நான்காக மடித்த ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்துக் குடத்தில் போட்டார். கண்டக்டர் மீதி தரப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். எங்கள் பஸ்ஸுக்கு முன்னால்தான் அரசு டவுன் பஸ் நின்றிருந்தது. அதில் பெண்களுக்குக் காசே கிடையாது. அதை விட்டுவிட்டு இதில் ஏறியிருக்கிறார். கேட்டேன். "அதுலதான் தெனமும் போறேனே தம்பி" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைப் பிரிக்க ஆரம்பித்தார்.

இப்படி ஒருநாள் வசூலை நோயாளிக்குக் கொடுக்கிற தனியார் பஸ்கள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உண்டு. நானும் நூறு ரூபாய் போட்டேன். ஆனால் இறங்கும்வரை அந்த ஃப்ளெக்ஸ் படம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பையனைக் கேட்டா அதை எடுத்திருப்பார்கள்? நல்லபடியாகப் பிழைத்து அடுத்த வருடம் பள்ளிக்கூடம் போகும்போது, அந்தத் தடத்தில் அவனை அறியாதவர்கள் இருக்க மாட்டார்கள். கொடுப்பதில் குறையே இல்லை. கேட்க வைக்கிற விதத்தில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

தலைகுனியாமல் கேட்பது இந்த வட்டாரத்துக்காரர்களுக்குப் புரியாத விஷயமல்ல. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்து. பந்தலில் கறிச்சோறு, பந்தல் வாசலில் மேசை, மேசையில் நீள நோட்டு. பேரையும் ஊரையும் சொல்லிப் பணத்தை நீட்டினால் எழுதிக்கொள்வார்கள். முன்பு வாங்கியதைத் திருப்பிச் செய்வது பழைய நடை, அதற்கு மேல் வைப்பது புது நடை. இன்று உனக்கு, நாளை எனக்கு என்ற கணக்கு. அதனால் வாங்குகிறவர் யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. கடன்காரர்தான், இரப்பவர் இல்லை. அந்தப் பணத்தில் கிணறு வெட்டியவர்கள், பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள், ஆஸ்பத்திரிக் கடனை அடைத்தவர்கள் எல்லாரும் உண்டு. ஆனால் புற்றுநோய் ஆடி மாதம் பார்த்து வருவதில்லை. திருப்பிச் செய்ய வக்கில்லாதவர் விருந்து வைக்கவும் முடியாது. நோட்டில் பேரில்லாத கூலிக்காரர் கடைசியில் ஃப்ளெக்ஸுக்குத்தான் போக வேண்டும்.

கேட்கிறவரின் முகத்தைக் காட்டாமலே ஊர்ப் பணத்தை அவரிடம் கொண்டு சேர்க்க வழி கண்டவரும் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர்தான்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சட்டமன்றத்தில் உட்கார்ந்ததும் தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டதும் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1923-இல் நடந்தது. தானே டாக்டராக இருந்தும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அதற்குப் பிறகு இந்த நோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று கால் நூற்றாண்டுக்கு மேல் சொல்லிக்கொண்டே இருந்தார். எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்பதுதான் அன்றைய அதிகாரத்தின் மனநிலை. அரசை நம்பிப் பயனில்லை என்றானதும் 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் பேரில் புற்றுநோய் நிவாரண நிதியைத் தொடங்கிப் பொதுமக்களிடம் கையேந்தினார்.

கையேந்தியவர் அவர், நோயாளி அல்ல. இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லத்தான் இந்த வாரம் முழுக்க எழுதுகிறேன்.

1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-இல் அடையாறில் மருத்துவமனை திறந்தது. மருத்துவமனை என்றால் ஏதோ நினைத்துக்கொள்ள வேண்டாம்: சின்னக் கட்டடம், பன்னிரண்டு கட்டில். முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே இருந்தார். மறு வருடம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். அரசு வேலை கையில் இருந்தும் அதை விட்டுவிட்டு வந்தவர். முதல் மூன்று வருடம் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார். பிறகு மாதம் இருநூறு ரூபாயும் வளாகத்திலேயே தங்க இடமும். 2021 ஜனவரியில் கண்மூடும்வரை அந்த வளாகம்தான் அவருக்கு வீடு. மகசேசே விருதும் பத்ம விபூஷணும் அங்கேதான் அவரைத் தேடி வந்தன.

அந்தப் பன்னிரண்டு கட்டில் இன்று ஐந்நூறைத் தாண்டிவிட்டது. நோயாளிகளில் பெரும்பகுதியினர் இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ சிகிச்சை பெறுகிறவர்கள். கட்ட முடிந்தவர் கட்டுகிறார், முடியாதவருக்கு நன்கொடை கைகொடுக்கிறது. கொடுத்தவருக்கு நோயாளி யாரென்று தெரியாது. நோயாளிக்கும் கொடுத்தவரைத் தெரியாது. எந்தப் பஸ்ஸிலும் யாருடைய படமும் தொங்கவில்லை.

மும்பையிலும் இதே கதை, ஆனால் பணக்கார வீட்டில். தொராப்ஜி டாடாவின் மனைவி மெஹர்பாய் 1931-இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். தொராப்ஜியின் பேரிலான அறக்கட்டளை 1941-இல் டாடா நினைவு மருத்துவமனையைத் திறந்தது. பணம் படைத்த குடும்பத்தால் ஒரு மருத்துவமனையை எழுப்ப முடிந்தது. ஆனால் நாடெங்கிலுமிருந்து வந்து இறங்குகிற ஏழைகள் ராத்திரி எங்கே படுப்பது? பரேல் நடைபாதையில் அவர்களைப் பார்க்காதவர்கள் மும்பையில் இல்லை. தாதரில் காட்கே மகாராஜ் பேரில் நடக்கும் தர்மசாலை அவர்களில் பலருக்குப் பாயும் கூரையும் கொடுக்கிறது. சிகிச்சைக்கு இணையாக இதையும் நான் எண்ணுகிறேன்.

ஏன் என்றால், கணக்கைப் போட்டுப் பாருங்கள். 'கரண்ட் வைக்கிறது' என்று ஜனங்கள் சொல்கிற கதிர்வீச்சு, பெரும்பாலும் ஐந்தாறு வாரம் நடக்கும். வாரத்தில் ஐந்து நாள். மெஷினுக்கு அடியில் படுத்திருப்பது சில நிமிடம். மிச்ச நேரமெல்லாம் ராமநாதபுரத்துக்காரர் சென்னையில் எங்கே இருப்பார்? கீமோ என்றால் பெரும்பாலும் மூன்று வாரத்துக்கொரு முறை. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் மிகுதியாகக் காணும் வகைக்கு இரண்டு, இரண்டரை வருட மருத்துவம். அவ்வளவு காலமும் அம்மா அப்பாவில் ஒருவருக்குக் கூலி இல்லை.

இப்போது காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதைக் குறைத்துச் சொன்னால் பாவம். 2009-இல் கலைஞர் பேரில் வந்து, 2012-இல் முதலமைச்சரின் விரிவான திட்டமாக மாறி, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம்வரை தருகிறது. வீட்டை விற்க வேண்டியிருந்தவர்கள் விற்காமல் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் பத்தாயிரம். பனியன் கம்பெனியில் புருஷனும் பெண்டாட்டியும் வேலை பார்த்தாலே அதைத் தாண்டிவிடும். தாண்டியவர் பணக்காரர் ஆகிவிட்டார் என்று அர்த்தமா? கார்டு உள்ளவருக்கும் அது அறை வாடகை தராது, ஆட்டோ வாடகை தராது, துணைக்கு வந்த மாமியாரின் இட்லிக்குத் தராது. பாதி வைத்தியத்தில் நின்றுவிடுகிறவர்கள் பலர் தடுக்கி விழுவது பெரிய பில்லில் அல்ல, இந்தச் சில்லறையில்.

சில்லறையை ஊர் பார்த்துக்கொள்ள முடியும். லட்சக்கணக்கில் திரட்டத்தான் ஃப்ளெக்ஸ் வேண்டும். மாதம் மூவாயிரத்துக்குப் பத்து வீடு போதும், படமும் வேண்டாம்.

ஆகவே வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் தெருவில் யாருக்காவது இந்த நோய் என்று தெரிந்தால், வசூல் நோட்டை எடுப்பதற்கு முன் வருமானச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கூட்டிப்போய் வாங்கிக் கொடுங்கள். ரேஷன் கார்டோடும் ஆதாரோடும் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். சிகிச்சை தரும் மருத்துவமனையில் ரயில் சலுகைப் படிவத்தில் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். சிகிச்சைக்குப் போய்வரும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. பலருக்கு இது தெரியாது. நீங்களும் ஒருமுறை கூடப் போய் வாருங்கள். துணைக்குப் போகிற ஒருவருக்கும் அதே வகுப்பில் முக்கால் பங்கு தள்ளுபடி உண்டு.