கருமுட்டைக்குள் ஓர் எலிப்பொறி

மணவாளக்குறிச்சி மணல் ஆலை பற்றிச் செய்தி வரும்போதெல்லாம், அந்தக் கரையில் பிள்ளைகள் ஊனமாகப் பிறக்குமா என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. மோனசைட் மணலில் தோரியம் உண்டு, கேட்பதில் தப்பில்லை. ஆனால் இதே மணல் படிந்த கொல்லம் கரையில், ஆண்டுக்கு 45 மில்லிகிரே வரை கதிர்வீச்சுள்ள இடங்களும் அடங்கிய பகுதியில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆய்வகம் 1995 முதல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்திருக்கிறது. கதிர்வீச்சு கூடக்கூடப் பிறவிக் குறைபாடு கூடியதாகத் தெரியவில்லை. எக்ஸ் கதிர் பழ ஈக்களின் மரபணுவை மாற்றும் என்று மரபியலாளர் முல்லர் 1927இல் காட்டினார். அன்றிலிருந்து பொதுப் பேச்சில் பெரும்பாலும் கதிரின் அளவை வைத்தே கணக்குப் போடுகிறோம். அதை வாங்கும் செல்லின் குணத்தை அவ்வளவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சினைப்பையில் உறங்கும் ஒவ்வொரு கருமுட்டையிலும் பி63 என்ற புரதம் இரண்டிரண்டாகப் பிணைந்து செயலற்றுக் காத்திருக்கிறது. விசை ஏற்றி வைத்த எலிப்பொறி அது. டிஎன்ஏ இழை அறுந்தால் செக்2 என்ற நொதி பொறியின் நாக்கைத் தட்டிவிடும். இரண்டிரண்டாக இருந்தவை நான்கு நான்காகச் சேரும். முட்டை தன்னை மாய்த்துக்கொள்ளும். அடித்த பொறி தானாக விசை ஏறாது; இந்த மாற்றமும் திரும்பாது. பொறிக்குப் பொறி விசையின் இறுக்கமும் வேறு. சுண்டெலியின் உறங்கும் முட்டைகளில் பாதியை அழிக்க 0.1 கிரே அளவே போதும். மனித முட்டைகளுக்கு ஏறத்தாழ 2 கிரே வேண்டும். செக்2 மரபணு இல்லாத எலியிலோ பொறி இருக்கிறது, நாக்கைத் தட்ட ஆளில்லை. 2014இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட பெண்ணெலிகளுக்குக் கதிர் கொடுத்தார்கள். மற்ற எலிகள் மலடாக, இவை குட்டி போட்டன. கதிர் ஒன்றுதான், வேறுபட்டது ஒரே மரபணு.

கேரளக் கரையில் தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏயில் மாற்றங்கள் அதிகம் என்று 2002இல் ஓர் ஆய்வு சொல்லியதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது செல்லின் உட்கருவுக்கு வெளியே உள்ள டிஎன்ஏ. மாற்றம் நடந்ததும் பல்லாயிரம் ஆண்டுகளாக மாறிக்கொண்டே வரும் இடங்களில்தான். அதை வைத்துப் பிறவி ஊனத்தை நிறுவ முடியாது.

புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை பெறும் பெண்களுக்கு செக்2வை மருந்தால் அடக்கி முட்டைகளைக் காக்கலாம் என்ற பேச்சைத்தான் நான் சந்தேகத்தோடு பார்க்கிறேன். செக்2 மரபணுவின் ஒரு பிரதி செயலிழந்த பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக மூன்றரை ஆண்டு தள்ளிப்போகிறது என்று 2021இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அதே பழுது மார்பகப் புற்றுநோய் வாய்ப்பையும் கூட்டுகிறது. எலிக்குட்டிகள் பார்வைக்கு நன்றாக இருந்தது போதாது. பெற்றோரிடம் இல்லாத புதிய மாற்றங்கள் குட்டிகளின் மரபணுத் தொகுதியில் எத்தனை என்று எண்ண வேண்டும். பேரக்குட்டிகள் வரை பின்தொடர வேண்டும். அதுவரை இதைக் கருவளம் காக்கும் மருந்து என்று எழுதக் கூடாது.