செந்தேறலின் முதிர்ச்சி

கொடிமுந்திரிச் சாறு நொதித்துக் கிடைக்கும் தேறலை உலகம் வைன் என்று அழைக்கிறது. கருந்தோல் பழங்களைத் தோலோடும் விதையோடும் ஒருங்கே நொதிக்கவிட்டுப் பெறுவது செந்தேறல். சாற்றை மட்டும் பிழிந்தெடுத்து நொதிக்கவிடுவது வெண்தேறல். நொதித்தல் முடிந்த நாள்தொட்டு அருந்தும் நாள்வரை தேறலின் நிறத்திலும் மணத்திலும் சுவையிலும் நிகழும் வேதி மாற்றங்களின் தொகுதியே முதிர்ச்சி எனப்படும். அது இரு கட்டங்களாக நடைபெறுகிறது. தொட்டியிலும் கருவாலி மரப் பீப்பாயிலும் உயிர்வளி ஓரளவு கிடைக்க நிகழ்வது முதற்கட்டம். தக்கையிட்ட குப்பிக்குள் உயிர்வளி மிக அருகிய நிலையில் நிகழ்வது இரண்டாம் கட்டம்.

இம்மாற்றங்களைக் கண்டறிய உயர்விலைத் தேறல் வேண்டியதில்லை. பிரான்சின் தென்மேற்கே போர்தோ நகரை அடுத்து, சிரோந்து கழிமுகத்தின் இடக்கரையில் விரியும் மெதோக்கு நிலப்பகுதியின் எளியவிலைத் தேறலே போதும். 1855-ஆம் ஆண்டின் பாரிசுப் பெருங்கண்காட்சிக்கென வகுக்கப்பட்ட தரவரிசை அங்குள்ள சில தோட்டங்களைப் பெரும்புகழுக்கும் பெருவிலைக்கும் உயர்த்திற்று. அவ்வரிசைக்குள் வராத நல்ல தோட்டங்கள் ‘க்ரு பூர்சுவா’ என்னும் பெயரில் 1932-இல் தனியே பட்டியலிடப்பட்டன. அப்போது அவற்றின் எண்ணிக்கை 444. கபர்னே சோவினியோன், மெர்லோ என்னும் இரு பழவகைகளே அவற்றின் தேறலுக்கு முதன்மை. நான் இங்கே விளக்க முற்படுவது இத்தகைய தேறலையே.

செந்தேறலின் பெரும்பங்கு நீர். அடுத்தது, நூற்றுக்கு 12 முதல் 14 பங்கு வரையுள்ள வெறியம். எஞ்சிய சிறுபங்கில் காடிகளும் மணப்பொருள்களும் செந்நிறமிகளும் துவர்ப்பிகளும் அடங்கும். முதிர்ச்சியின் முழு வரலாறும் இச்சிறுபங்கில்தான் எழுதப்படுகிறது. செந்நிறமிகள், வேதியியலார் அந்தோசயனின் என வழங்குபவை, பழத்தோலிலிருந்து வருகின்றன. துவர்ப்பிகள், அதாவது தானின்கள், தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகின்றன. இளம்பாக்கை மென்றால் நாக்கை இறுக்கிப் பிடிக்கும் துவர்ப்பும் இளந்தேறலின் துவர்ப்பும் ஓரினப் பொருள்களால் விளைபவை. இரண்டிலும் அப்பொருள்கள் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொள்வதால் வாயின் வழவழப்பு நீங்கி உலர்வு தோன்றுகிறது.

நிறத்தின் மாற்றமே இவற்றுள் கண்ணுக்கு எளிதில் புலப்படுவது. கண்ணாடிக் கிண்ணத்தைச் சாய்த்து, வெள்ளைத் தாளின்மேல் பிடித்து, தேறலின் விளிம்பை நோக்குக. ஈராண்டு அகவையுடையதன் விளிம்பு நாவற்பழச் சாயல் காட்டும். பத்தாண்டு அகவையுடையதன் விளிம்பு செங்கல் நிறங்கொண்டு ஓரத்தில் மஞ்சளாய் மெலியும். ஆய்வகம் இதனையே எண்ணால் உரைக்கிறது. 420 நானோமீட்டர் அலைநீள ஒளியைத் தேறல் எவ்வளவு உட்கொள்கிறது என்பதை, 520 நானோமீட்டர் ஒளியை அது உட்கொள்ளும் அளவால் வகுத்தால், இளந்தேறலில் 0.5 முதல் 0.7 வரை வரும். நன்கு முதிர்ந்ததில் அவ்வெண் 1-ஐக் கடந்துவிடும்.

இம்மாற்றத்தில் உயிர்வளிக்கு உள்ள பங்கை முதன்முதலில் தெளிவுற நிறுவியவர் லூயி பாசுட்டர். 1863-இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் வேண்டுகோளை ஏற்றுத் தேறலின் நோய்களை ஆராயத் தொடங்கிய அவர், 1866-இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். தேறலைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து உருக்கி மூடினார். சிலவற்றை முழுமையாய் நிரப்பினார், சிலவற்றில் பாதிக்குக் காற்றை விட்டார். முழுமையாய் நிரம்பியவை நிறம் மாறாதிருந்தன. காற்றுள்ளவை நிறம் வெளிறிப் பழுப்பேறி, அடியில் வண்டல் தங்கக் கண்டார். ஒரே தேறல், ஒரே குழாய், வேறுபாடு காற்று ஒன்றே என்னும் அந்த ஆய்வமைப்பின் எளிமையை நான் எண்ணி எண்ணி வியக்கிறேன்.

பாசுட்டர் கண்டதன் உள்வழியைப் பின்வந்தோர் படிப்படியாக விளக்கினர். தேறலில் நுண்ணளவாய் உள்ள இரும்பும் செம்பும் துணைநிற்க, உயிர்வளி துவர்ப்பிகளோடும் அவற்றின் இனப்பொருள்களோடும் வினைபுரிந்து நீர்வளிப் பேருயிரகையை, அதாவது ஐதரசன் பெராக்சைடைத் தோற்றுவிக்கிறது. அது இரும்போடு கூடி வெறியத்தின் சிறுபகுதியை அசிட்டால்டிகைடாக மாற்றுகிறது. அந்த அசிட்டால்டிகைடு செந்நிறமி ஒன்றையும் துவர்ப்பி ஒன்றையும் பாலமாய் நின்று இணைக்கிறது. இணைப்புற்ற நிறமி முன்னையதினும் உறுதி வாய்ந்தது. தனித்த செந்நிறமியின் பெரும்பகுதி தேறலின் காடித்தன்மையில் நிறமற்ற வடிவில் கிடக்கும். காப்புக்கெனச் சேர்க்கும் கந்தக ஈருயிரகை அதனை மேலும் வெளுக்கச் செய்யும். இணைந்த நிறமியோ இவ்விரண்டையும் பெரிதும் தாங்கி நிற்கும். ஆகவே பழத்திலிருந்து வந்த நிறமிகள் சில ஆண்டுகளில் ஏறத்தாழ முழுதும் மறைந்த பின்னும் தேறல் சிவப்பாகவே இருக்கிறது. மூத்த குப்பியில் நாம் காணும் சிவப்பு, பழத்தில் இல்லாத சிவப்பு.

துவர்ப்பு தணிவதற்குப் பழைய பாடநூல்கள் ஒரே விளக்கம் தந்தன: துவர்ப்பிகள் தம்முள் கோத்து நீண்டு, பருத்து, வண்டலாய் வீழ்கின்றன என்பதே அது. வண்டல் உண்மை, ஆயின் விளக்கம் முழுமையன்று. காடித்தன்மையுள்ள நீர்மத்தில் துவர்ப்பிக் கோவைகள் அறுபடவும் செய்கின்றன. அறுந்த முனைகளில் நிறமிகளும் பிறவும் வந்து சேர்கின்றன. புரதத்தைப் பற்றும் திறம் அவற்றில் குறைவதற்கு நீட்சியினும் இவ்வறுபடலும் கலப்புமே பெரும் அடிப்படை என நான் கருதுகிறேன்.

மணத்தைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். நொதித்தலில் பிறந்து பழமணம் தரும் எசுத்தர்கள் நீராற்பகுப்புற்று முதல் சில ஆண்டுகளிலேயே தணிகின்றன. அவை விலகிய இடத்தில் தோல்பொருள், புகையிலை, மழை நனைத்த காட்டுத்தரை ஆகியவற்றை நினைவூட்டும் மணங்கள் எழுகின்றன.

எளியவிலைத் தேறல் எத்துணை ஆண்டு தாங்கும்? கொடிக்கு மிகுந்த விளைச்சல் எடுத்து, தோலைச் சில நாளே சாற்றில் ஊறவிட்டு, விரைவில் விற்பதற்கென்றே ஆக்கப்பட்டவை துவர்ப்பிச் சேமிப்பு குறைந்தவை. மூன்று நான்கு ஆண்டுகளில் பழமணம் போய், ஈடுசெய்ய வேறொன்றும் தோன்றாமல் காடியும் வெறியமும் மட்டும் துருத்தி நிற்கும். நல்ல க்ரு பூர்சுவா அவ்வாறன்று. 2010, 2016 போன்று பழம் நன்கு முற்றிய ஆண்டின் தேறல் பத்தாண்டைக் கடந்தும் செழிக்கும்; குளிரும் மழையும் பழத்தை முற்றவிடாத 2013-இன் தேறலை விரைந்து அருந்திவிடுதலே நன்று. விலைச்சீட்டைக் காட்டிலும் விளைந்த ஆண்டே இங்குச் சிறந்த வழிகாட்டி.

குப்பியைக் கிடத்தி வைத்தால் தக்கை ஈரமாய் இருந்து பிளவின்றி அடைக்கும். நல்ல தக்கை வழியே ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் உயிர்வளிதான் உட்புகும். 12 முதல் 14 பாகை வரையுள்ள மாறா வெப்பநிலையே உகந்தது. வெப்பம் மிகின் முதிர்ச்சி விரையும் என்பதோடு அமையாது. ஒவ்வொரு வினையும் வெவ்வேறு அளவில் விரைவதால் அவற்றின் வரிசையே குலைந்து, தேறல் முதிராமல் கெடும். தக்கையின் அடியில் ஒளிரும் சிறு பளிங்குகளைக் கண்டு அஞ்சற்க. அவை காடியுப்பின் படிவுகள், தீங்கற்றவை. ஒரே ஆண்டின் குப்பிகள் ஆறு வாங்கி, ஐந்தாம் ஆண்டு முதல் ஆண்டுக்கு ஒன்றாகத் திறந்து, விளிம்பின் நிறத்தையும் துவர்ப்பின் அளவையும் குறித்து வருவோர் மேற்சொன்ன மாற்றங்கள் யாவற்றையும் தாமே காணலாம். திறப்பதற்கு முதல்நாளே குப்பியை நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் தங்கிவிடும்.