வௌவாலுக்கும் ஒரு வீடு!

"மனுஷனுக்கே வீடு இல்லை, இதுல வௌவாலுக்கு வேறயா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. பக்கத்தைத் திருப்பாமல் கொஞ்சம் படியுங்கள்.

பெரிய பழந்தின்னி வௌவால் மரத்தில்தான் தொங்கும். நான் சொல்லும் வீடு, பூச்சி தின்னும் சின்ன வௌவாலுக்கு. ஓட்டு இடுக்கு, பழைய மண்டபத்து வெடிப்பு என்று ஒண்டியிருக்குமே, அது! பழசை இடித்துவிட்டு கான்கிரீட் போட்டால் இடுக்கு ஏது? வௌவாலும் போய்விடும்.

போகட்டுமே என்கிறீர்களா? எங்க இளையரசனேந்தல் பக்கம் கரிசல் காடு. பருத்திக்குச் சத்துரு காய்ப்புழு. அந்தப் புழுவின் தாய் ராத்திரியில் பறக்கும் அந்துப்பூச்சி. குருவியெல்லாம் தூங்கும் அந்த நேரத்தில் வேட்டைக்குக் கிளம்புவது வௌவால்தான். அமெரிக்காவின் டெக்சாஸில் 8 மாவட்டப் பருத்தியை வைத்து 2006-இல் வெளிவந்த ஆய்வு, வௌவால்கள் செய்யும் புழு ஒழிப்பின் மதிப்பை ஆண்டுக்குச் சுமார் 7 லட்சத்து 41 ஆயிரம் டாலர் என்று கணக்கிட்டது. கூலி கேட்காத வேலைக்காரன்!

அதே டெக்சாஸில், சான் அன்டோனியோ நகரத்து டாக்டர் சார்லஸ் கேம்பெல் மலேரியாவை விரட்ட 1911-இல் ஏரிக்கரையில் வௌவால் கோபுரமே கட்டினார். சிவில் நண்பர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆஸ்டின் நகரத்துப் பாலம் ஒன்றை 1980-இல் புதுப்பித்தபோது அடியில் குறுகிய இடுக்குகள் அமைந்தன. இப்போது கோடையில் அங்கே தங்குவது சுமார் 15 லட்சம் வௌவால்கள்!

நாம் கோபுரம் கட்ட வேண்டாம். ஒரு மரப்பெட்டி போதும். உள்ளே பலகைக்கும் பலகைக்கும் முக்கால் முதல் ஒரு அங்குல இடைவெளி, பிடித்துத் தொங்க உட்புறம் சொரசொரப்பு, அடிப்பக்கம் திறப்பு. கம்பத்திலோ சுவரிலோ 12 அடிக்கு மேல் மாட்ட வேண்டும். நம்ம ஊர் வெயிலுக்கு வெளிர் நிறமும் காற்றுத் துவாரமும் அவசியம். தகரம் கூடவே கூடாது, வெந்துபோகும்.

பொதுப் பூங்காவில் மரம் உண்டு, தண்ணீர் உண்டு, பூச்சியும் உண்டு. ஆனால் விளக்குக்கு அருகிலோ, ஜனங்கள் உட்காரும் பெஞ்சுக்கு மேலோ மாட்டாதீர்கள். கீழே விழும் எச்சம் நல்ல உரம். அதற்காக அதையோ வௌவாலையோ வெறுங்கையால் தொடக்கூடாது. 2018-இல் கேரளத்தில் பரவிய நிபா, பழந்தின்னி வௌவாலோடு தொடர்புடையது. அதைச் சொல்லி இந்தச் சின்ன ஜீவனைப் புகைபோட்டு விரட்டுவது நியாயமில்லை.

கொசு அடியோடு ஒழியும் என்று நான் சொல்லமாட்டேன். அது வௌவாலின் சாப்பாட்டில் ஒரு பங்குதான். குடியேற ஒன்றிரண்டு வருஷம்கூட ஆகலாம். ஆனாலும் ஒர்க்‌ஷாப்பில் மிஞ்சும் பலகை இருக்கிறது, நம் கையில் தொழில் இருக்கிறது. பூங்காவுக்கு ஒரு பெட்டி செய்து கொடுப்போமா தோழர்களே?