ஒரு யந்திரம், இரு மாணாக்கர்

ஒரே கணிப்பொறி உள்ள இல்லத்தில் இரண்டு குழந்தைகள் இருந்தால், மாலை வேளையில் எழும் வழக்கை நாம் அறிவோம். பெரும்பாலும் தமையன் வெல்வான், தங்கை காத்திருப்பாள். இந்த அநீதிக்கு இன்னொரு யந்திரம் வாங்குவது ஒன்றே பரிகாரமன்று.

1991-ஆம் ஆண்டில் பின்லாந்து தேசத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ், ஒரே சமயத்தில் பலருக்கு ஊழியம் செய்ய வல்லது. கட்டுரை எழுதும் ஒருவருக்குக் கணிப்பொறியின் சக்தியில் சிறு பகுதியே போதும். மிச்சம் வீணே கிடக்கிறது. அதைப் பங்கிட்டால் என்ன?

மேஜைக் கணிப்பொறியில் இரண்டாவது கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகி, அதனுடன் வேறொரு திரையை இணைக்க வேண்டும். இன்னொரு விசைப்பலகையும் மவுஸும் தேவை. பிறகு 'லாகின்சிடிஎல்' என்னும் கட்டளையால், எந்தச் சாதனம் எந்த இருக்கைக்கு உரியது என்று யந்திரத்துக்கு அறிவிக்க வேண்டும். பழைய இருக்கைக்கு 'சீட்0' என்று பெயர். புதியதை 'சீட்1' எனலாம். அப்பால் இரு திரைகளிலும் தனித்தனி நுழைவாயில் தோன்றும். கணக்குகள் வெவ்வேறாதலால், ஒருவர் எழுதியதை மற்றவர் அழிக்க இயலாது.

பிரேசிலின் பரானா மாநிலத்து அரசாங்கப் பள்ளிகளில், ஒரே பெட்டியில் நான்கு மாணாக்கர் பயிலும் ஏற்பாடே நடைபெற்றதுண்டு.

குறையும் உண்டு. பெட்டி நின்றால் இருவர் வேலையும் நிற்கும். நினைவகம் குறைந்தால் இருவருக்கும் தாமதமாகும். ஆயினும் பரணில் கிடக்கும் பழைய திரை, தங்கைக்கு ஓர் இடம் தருமாயின், அச்சிறு தொல்லையைப் பொறுத்துக்கொள்வதே நியாயம்.