விஸிட்டரும் விரிவுரையாளரும்

பிரிட்டனில் சர்வகலாசாலை ஆசிரியர்களின் சங்கமும் மேற்படிப்புக் கலாசாலை ஆசிரியர்களின் சங்கமும் 2006-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒன்றாகி, யூ.சி.யூ. என்று இன்று வழங்கும் ஸ்தாபனம் ஆன கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அதைத் திருப்பிச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அந்தச் சங்கம் ஆட்குறைப்பை எதிர்த்து எவ்வாறு வாக்கெடுப்பு நடத்தி வேலைநிறுத்தத்தில் இறங்குகிறது என்பதை இந்த வாரம் விவரிப்பதாக வாக்களித்திருந்தேன். ஆனால் அதற்கு முன்னுரையாக இரண்டு வரி எழுதலாம் என்று பழைய வழக்குகளைப் புரட்டியபோது, ஹல் நகரத்துத் தத்துவ விரிவுரையாளர் ஒருவருடைய வழக்கும், அதற்கு வேராக, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கல்லூரியின் வாயிற்கதவை அடைத்த சம்பவமும் அகப்பட்டன. சொல்லாமல் அப்பால் செல்ல மனம் வரவில்லை.

1981-ஆம் ஆண்டு ஜூலையில் சர்வகலாசாலை மானியக் குழு மானியத்தைக் குறைத்து அனுப்பிய கடிதங்களும், அவற்றின் விளைவாக மான்செஸ்டரை அடுத்த ஸால்ஃபோர்டு சர்வகலாசாலை தன் மானியத்தில் நூற்றுக்கு 44 பங்கை இழந்ததும், பிராட்ஃபோர்டும் ஆஸ்டனும் கீலும் தத்தளித்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அவ்வளவு பெரிய அடி விழுந்தும், அந்த வருஷங்களில் நிரந்தர உத்தியோகத்தில் இருந்த ஆசிரியர்களைக் கூட்டங்கூட்டமாக வீட்டுக்கு அனுப்ப நிர்வாகிகளுக்குத் துணிவு வரவில்லை. அநேக சர்வகலாசாலைகளின் அரச சாஸனங்களிலும் விதிகளிலும், ஓய்வு பெறும் வயது வரையில் தக்க காரணமின்றி ஆசிரியரை நீக்கலாகாது என்ற பாத்தியதை பதிந்திருந்தது. அதை மீறினால் சங்கம் நியாயஸ்தலத்துக்குப் போகும், நஷ்டஈடு கட்டி மாளாது என்ற பயம் இருந்தது. ஆகவே அரசாங்கமே தனியாகப் பணம் ஒதுக்கி, காலத்துக்கு முந்தியே ஓய்வு பெறச் சம்மதிப்பவர்களுக்கு ஈட்டுத்தொகை கொடுத்து அனுப்பியது. ஆசிரியர்கள் போனார்கள் என்பது உண்மை. ஆனால் கையொப்பமிட்டுச் சம்மதித்துப் போனார்கள். இந்தப் பாத்தியதை சிக்கனத்துக்கு இடையூறு என்று தாட்சர் அம்மையாரின் அரசாங்கம் அப்போதே குறித்துவைத்துக் கொண்டது.

இனி ஹல் நகரத்துக்கு வருவோம். இங்கிலாந்தின் கீழ்க்கரையில், ஹம்பர் கழிமுகத்தில் உள்ள துறைமுகப் பட்டணம் அது. அங்குள்ள சர்வகலாசாலையின் நூல்நிலையத்தைத்தான் கவிஞர் ஃபிலிப் லார்கின் 1955-ஆம் ஆண்டு முதல் 1985-இல் தாம் காலமாகும் வரையில் நிர்வகித்து வந்தார். உலகப் புகழ் வாய்ந்த ஒரு கவிஞர், புத்தக அடுக்குகளுக்கும் வரவுசெலவுக் கணக்குக்கும் நடுவே முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்த இடம் என்பதாலேயே எனக்கு அந்த ஊரின்மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. அந்தச் சர்வகலாசாலையில் 1966-ஆம் ஆண்டு தத்துவ விரிவுரையாளராக நியமனம் பெற்றவர் எட்கர் பேஜ். அவருடைய நியமனக் கடிதத்தில், இரு தரப்பினரில் எவரும் மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து உத்தியோகத்தை முடித்துக் கொள்ளலாம் என்று ஒரு வாசகம் இருந்தது. சர்வகலாசாலையின் விதிகளிலோ, தக்க காரணம் இருந்தால் ஆசிரியரை நீக்கலாம் என்று இருந்தது. இருபத்திரண்டு வருஷங்கள் கழித்து, 1988-இல், அவரை ஆட்குறைப்பில் நீக்கினார்கள். அவருடைய படிப்பைப் பற்றியோ போதனையைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை. பணம் போதவில்லை, ஆகவே அவர் வேண்டாம், அவ்வளவுதான். தக்க காரணம் இல்லாமல் நீக்க முடியாது என்று அவர் வாதாடினார். சர்வகலாசாலை ஆசிரியர் சங்கம் அவருக்குப் பக்கபலமாக நின்றது.

யாரிடம் வாதாடுவது என்பதில்தான் விசேஷம் இருக்கிறது. சாதாரண உத்தியோகஸ்தன் நியாயஸ்தலத்துக்குப் போவான். ஆனால் அரச சாஸனத்தால் ஏற்பட்ட ஒரு சர்வகலாசாலையின் உள்விவகாரங்களை விசாரிக்கும் அதிகாரம், தொன்றுதொட்டு, ‘விஸிட்டர்’ என்ற பதவியை வகிப்பவருக்கே உரியது. நமக்கும் இந்தப் பதவி அந்நியமானதன்று. புதுச்சேரி சர்வகலாசாலைக்கும் திருவாரூரில் உள்ள மத்திய சர்வகலாசாலைக்கும் விஸிட்டர் நமது குடியரசுத் தலைவரே. ஹல் சர்வகலாசாலையின் விஸிட்டரோ சாட்சாத் எலிஸபெத் மகாராணி. அவர் சார்பில் பிரிவி கவுன்சிலின் தலைவர், ஒரு பிரபுவின் சட்ட ஆலோசனையைப் பெற்று, விரிவுரையாளரின் விண்ணப்பத்தை ஆராய்ந்து, மூன்று மாத முன்னறிவிப்போடு அவரை நீக்கியது சரியே என்று தள்ளிவிட்டார். நீதிபதியின் ஆசனமும் இல்லை, பகிரங்க விசாரணையும் இல்லை.

இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் 1690-ஆம் வருஷத்து ஆக்ஸ்ஃபோர்டில் போய் நிற்போம். அங்கே எக்ஸெட்டர் கல்லூரியின் ரெக்டராக, அதாவது தலைவராக, இருந்தவர் ஆர்தர் பரி. அந்த வருஷம் பெயர் போடாமல் அவர் வெளியிட்ட ‘நிர்வாண சுவிசேஷம்’ என்ற பொருள்படும் ஒரு நூலை, மதத்துக்கு விரோதமானது என்று சொல்லி ஆக்ஸ்ஃபோர்டில் பகிரங்கமாகத் தீயிட்டுக் கொளுத்தினார்கள் என்பதிலிருந்தே, அவர் பணிந்து போகும் சுபாவமுடையவர் அல்லர் என்பது விளங்கும். அதற்கு முந்திய வருஷம் அவரும் சகாக்களும் கல்லூரி உறுப்பினர் ஒருவரை ஒழுக்கக் குற்றம் சாட்டி வெளியேற்றியிருந்தனர். வெளியேற்றப்பட்டவர் கல்லூரியின் விஸிட்டரான எக்ஸெட்டர் பிஷப் டிரெலானியிடம் முறையிட்டார். பிஷப் அவரைத் திரும்பச் சேர்க்கும்படி ஆணையிட்டார். ரெக்டர் அதை மதிக்கவில்லை. பிஷப் தாமே நேரில் விசாரணைக்கு வந்தார். ரெக்டர் கல்லூரியின் வாயிற்கதவை அடைத்து வைத்தார். தம் கல்லூரியின் நியாயத்தைத் தாமே தீர்மானிப்போம், மேலேயிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டியதில்லை என்ற அந்தப் பிடிவாதத்தில் எனக்கு ஒரு மரியாதை உண்டாகிறது, அவர் பக்கத்து நியாயம் எவ்வளவு என்பது வேறு விஷயம்.

பிஷப் ரெக்டரைப் பதவியிலிருந்து நீக்கிப் புதிய ரெக்டரை நியமித்தார். பழையவர் வீட்டைக் காலி செய்ய மறுத்தார். வீட்டுக்காக வழக்குப் பிறந்தது. விஸிட்டரின் தீர்ப்பை நியாயஸ்தலம் மறுபரிசீலனை செய்யலாமா என்பதே கேள்வி. மற்ற நீதிபதிகள் ரெக்டரின் பக்கம் சாய, பிரதம நீதிபதி ஹோல்ட் ஒருவரே மாறுபட்டார். ஒருவன் தன் பொருளைக் கொண்டு சத்திரம் கட்டி வைத்தால், அங்கே யார் சாப்பிடலாம், யார் தங்கலாம் என்று விதிக்கும் உரிமை அவனுக்கே உண்டல்லவா? அதைப்போல, கல்லூரியை ஸ்தாபித்தவனின் தர்மம் அது. அவனுக்குப் பிரதிநிதியாக நிற்பவர் விஸிட்டர். ஆகவே அவர் சொல்வது முடிவு என்பது ஹோல்ட்டின் வாதம். 1694-இல், அக்காலத்தில் இறுதி நியாயஸ்தலமாகவும் விளங்கிய பிரபுக்கள் சபை ஹோல்ட்டின் பக்கமே தீர்ப்பளித்தது. தர்மம் செய்தவனின் விருப்பமே சட்டம், தர்மத்தில் வாழ்பவன் கேள்வி கேட்கலாகாது என்ற அந்தத் தத்துவம், அன்று முதல் ஆங்கில தேசத்து உயர்கல்வியின்மேல் கூரையாகக் கவிந்தது.

ஹல் விரிவுரையாளரின் வழக்கு அந்தக் கூரையைத்தான் முட்டியது. விஸிட்டர் விண்ணப்பத்தைத் தள்ளியதும், சங்கத்தின் துணையோடு அவர் நியாயஸ்தலத்துக்குப் போனார். முதலில் அவருக்குச் சாதகமாயிற்று. விதிகளின்படி அவரை ஆட்குறைப்பில் நீக்க இடமில்லை என்று நீதிபதிகள் கண்டனர். மேல்முறையீட்டு நியாயஸ்தலமோ, விஸிட்டரின் தீர்ப்பை ஆராய எங்களுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் ஆராய்ந்து பார்த்ததில் அது சரியே என்றது. இறுதியாக 1992-ஆம் ஆண்டு டிசம்பரில் பிரபுக்கள் சபை, பழைய எக்ஸெட்டர் கல்லூரி வழக்கு வரையில் பின்னோக்கிச் சென்று, விஸிட்டர் தம் அதிகார எல்லைக்குள் நின்று சட்டத்தைத் தவறாகவே பொருள் கொண்டாலும் நியாயஸ்தலங்கள் அதில் தலையிடலாகாது என்று தீர்ப்பளித்தது. ஐந்து பிரபுக்களில் மூவர் இதைச் சொல்ல, மஸ்டில், ஸ்லின் என்ற இருவர் மாறுபட்டனர். அந்த இருவரின் அபிப்பிராயமே நியாயமானது என்பது என் உறுதியான எண்ணம். இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குத் தத்துவம் போதித்த ஒருவர் தம் ஜீவனத்தை இழக்கும்போது, அவரை நீக்கியது சட்டப்படி சரிதானா என்று தேசத்தின் நீதிபதிகள் பார்க்கவும் கூடாதென்றால், சட்டத்தின் பரிபாலனம் யாருக்காக இருக்கிறது? ஒரே ஒரு விரிவுரையாளருக்காக இவ்வளவு படிகளையும் ஏறிய சங்கத்தை, தோற்ற வழக்கு என்று சொல்லி எவரும் குறைவாக மதிக்க வேண்டாம்.

அந்த விரிவுரையாளர் நீக்கப்பட்ட அதே ஆண்டில் அரசாங்கம் சட்டத்தை மாற்றிவிட்டது. 1988-ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம், சர்வகலாசாலை விதிகளைத் திருத்துவதற்கென்றே கமிஷனர்களை நியமித்து, 1987 நவம்பர் 20-ஆம் தேதி முதல் நியமனமோ உயர்வோ பெறும் ஆசிரியர் எவரையும் ஆட்குறைப்பில் நீக்கலாம் என்று ஆக்கியது. உயர்வு பெற்றவருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும்: பழைய விரிவுரையாளர் ஒருவர் தம் பிரயாசையால் பேராசிரியராக உயர்ந்தால், அந்த கௌரவத்தோடு கூடவே பழைய பாத்தியதையையும் பறிகொடுக்க நேரும். விஸிட்டருக்கு இருந்த உத்தியோக விவகார அதிகாரத்தையும் அதே சட்டம் எடுத்துவிட்டது. சங்கம் பிரபுக்கள் சபையில் முயன்று, ஆக்ஸ்ஃபோர்டின் சான்ஸலராக இருந்த ராய் ஜென்கின்ஸ் பிரபு கொண்டுவந்த திருத்தத்தின் மூலமாக, வழக்கத்தில் வேரூன்றிய கருத்துக்களை எதிர்த்துக் கேள்வி கேட்பதாலும், பலருக்கு ஒவ்வாத அபிப்பிராயங்களை வெளியிடுவதாலும் ஓர் ஆசிரியரின் உத்தியோகத்துக்கு அபாயம் நேரலாகாது என்ற ஒரு பாதுகாப்பைச் சட்டத்தில் சேர்க்க முடிந்தது. சேர்ந்ததே பெரிய காரியம். ஆனால் கருத்துக்காக நீக்கக் கூடாது என்பது ஒன்று, பணத்துக்காக நீக்கலாம் என்பது மற்றொன்று; இரண்டாவது வாசல் திறந்திருக்கும்போது முதல் வாசலின் பூட்டு எவ்வளவு காக்கும்?

இப்படி மகாராணியும் போய், சாஸனமும் போய்விட்ட பிறகு, ஆசிரியருக்கு மிஞ்சியது மற்றத் தொழிலாளிகளுக்கு உள்ள சட்டமே. 1992-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 188-ஆவது பிரிவின்படி, 90 நாளுக்குள் ஒரே ஸ்தாபனத்தில் 20 பேருக்குக் குறையாமல் நீக்க உத்தேசித்தால், முதல் நீக்கத்துக்கு 30 நாள் முன்னதாகவும், 100 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களானால் 45 நாள் முன்னதாகவும் சங்கத்தோடு கலந்தாலோசிக்க வேண்டும். 2013 வரையில் இந்த 45 நாள் 90 நாளாக இருந்தது. ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் சர்வகலாசாலை 2009-இல் ஆட்குறைப்புச் செய்தபோது, குறித்த கால ஒப்பந்தத்தில் இருந்த ஆசிரியர்களைப் பற்றிக் கலந்தாலோசிக்கவே வேண்டாம் என்று விட்டுவிட்டது. ஒப்பந்தம் முடிந்து போவதும் ஆட்குறைப்பே, அவர்களுக்காகவும் எங்களோடு பேச வேண்டும் என்று யூ.சி.யூ. வழக்காடி, 2015 ஏப்ரலில் உச்ச நியாயஸ்தலம் வரை சென்று ஜயித்தது. ஆயினும் 2013-லேயே சட்டத்தைத் திருத்தி, இனி வரும் ஒப்பந்த ஆசிரியர்களுக்கு அந்தக் கதவை அடைத்துவிட்டிருந்தார்கள். ஜயித்த வழக்கின் பலன் பின்னால் வருபவர்களுக்குக் கிட்டாமற் போனதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

ஆகையால்தான் இக்காலத்துப் போராட்டங்களின் மையம் நியாயஸ்தலத்தை விட்டு, அந்தந்தச் சர்வகலாசாலையில் உள்ள சங்கக் கிளைக்கு நகர்ந்துவிட்டது. 2025 ஜனவரியில் கார்டிஃப் சர்வகலாசாலை 400 உத்தியோகங்களைக் குறைக்கப் போவதாகவும், சங்கீதம், நவீன மொழிகள், புராதன சரித்திரம், மதசாஸ்திரம், தாதியர் பயிற்சி ஆகியவற்றை மூடப் போவதாகவும் அறிவித்தது. கிளை அங்கத்தினர்கள் வேலைநிறுத்தத்துக்கும், விடைத்தாள் மதிப்பீட்டை நிறுத்தி வைப்பதற்கும் வாக்களித்தனர். மே மாதத்தில், அந்த வருஷத்தில் கட்டாய ஆட்குறைப்பு இல்லை என்று நிர்வாகம் உறுதி கூறியபின் அவை கைவிடப்பட்டன. தாதியர் பயிற்சியும் தப்பியது. பலர் விருப்ப ஓய்வில் போய்விட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்தகைய ஆட்குறைப்புகளுக்கு அடியில் இருப்பது பணமுடை. இங்கிலாந்தில் 2012-இல் 9,000 பவுனாக உயர்ந்த வருஷாந்தரக் கட்டண உச்சவரம்பு, 2017-இல் 9,250 ஆகி, விலைவாசி எவ்வளவோ ஏறியும் 2025 வரையில் அசையாமல் நின்றது; அந்தக் குறையை நம் ஊர்ப் பிள்ளைகள் உள்பட வெளிநாட்டு மாணவர்களின் கட்டணத்தைக் கொண்டு நிரப்பி வந்தவர்கள், 2024 ஜனவரி முதல் பெரும்பாலான மாணவர்கள் குடும்பத்தாரை அழைத்துவரத் தடை வந்ததும் வரவு குறைந்து திண்டாடுகிறார்கள். அந்தக் கணக்கு ஒரு தனி அத்தியாயத்துக்கு உரியது.

வாக்கெடுப்பைப் பற்றிச் சொல்ல இனி இடமில்லை. தபாலில் மட்டுமே வாக்களிக்க வேண்டும் என்ற பழைய விதியோடும், அங்கத்தினர்களில் பாதிப் பேராவது வாக்களித்தாக வேண்டும் என்ற 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிபந்தனையோடும் ஒரு கிளை எப்படி மல்லுக்கட்டி வந்தது என்பதையும், 2021-இல் லிவர்ப்பூல் சர்வகலாசாலை தன் வைத்திய, உயிரியல் ஆசிரியர்களில் 47 பேரை, அவர்கள் ஈட்டிய ஆராய்ச்சி மானியத்தையும் அவர்களுடைய கட்டுரைகளைப் பிறர் மேற்கோள் காட்டிய அளவையும் கொண்டு பொறுக்கியெடுத்து நீக்க முற்பட்டபோது, அந்த ஊர்க் கிளை மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்து, விடைத்தாள்களையும் நிறுத்தி வைத்து, கடைசியில் ஒருவரையும் கட்டாயமாக நீக்க விடாமல் தடுத்த விதத்தையும் அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.